ஒன்பதாம் வகுப்பும் பூட்டிய அலமாரியும்

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் 42 பிள்ளைகள். பாடப் புத்தகத்தைக்கூட யாரும் முழுசாகப் படிப்பதில்லை, கைடு போதும் என்கிறார்கள். பத்துப் பேருக்கு மேல் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறார்கள். போன வருடம் ஆளுக்கு ஒரு புத்தகம் கொடுத்து மதிப்புரை எழுதச் சொன்னேன். பாதிப் பேர் முன்னுரையைப் பார்த்து எழுதினார்கள், மீதிப் பேர் அவர்களைப் பார்த்து எழுதினார்கள். சார்ட், ஓவியம், நாடகம் எல்லாம் செய்து பார்த்தாயிற்று. அன்றைக்குக் கலகலப்பாக இருக்கிறது. மறுநாள் புத்தகத்தைத் தொடுவதில்லை. தலைமையாசிரியர் ‘போர்ஷனை முடிங்க’ என்கிறார். நூலக அலமாரிச் சாவியும் அவரிடம்தான். பாடமும் பின்தங்காமல் பிள்ளைகளை வாசிக்க வைக்க என்ன செய்யலாம்?
— பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை

பதில்:

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது, “அன்றைக்குக் கலகலப்பு, மறுநாள் தொடுவதில்லை” என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடம்தான். பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. நீங்கள் கொடுத்த வேலைகளில் ஆர்வமாகத்தான் இருந்திருக்கிறார்கள். ஆனால் அந்த வேலைகளைச் செய்வதற்கு வாசிப்பு தேவைப்படவில்லை. ஒரு கதைக்குச் சார்ட் போட வேண்டுமானால், நன்றாக வரைகிற ஒருவனுக்குக் கதை தெரிந்த ஒருத்தி இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவாள். அவன் வரைவான், மற்ற நாலு பேர் ஸ்கெட்ச் பேனா எடுத்துக் கொடுப்பார்கள். நாடகமும் அப்படித்தான். வசனத்தை எழுதுகிறவர் படிப்பார், மற்றவர்கள் மனப்பாடம் செய்வார்கள். மதிப்புரையோ, படித்து முடித்த ஒருவர் அதைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருந்தால் எழுதுகிற சமாச்சாரம். படிக்காத பிள்ளையிடம் அதைக் கேட்டால் முன்னுரையைப் பார்த்துத்தான் எழுதும், வேறு வழியில்லை.

ஆகவே எந்தச் செயல்பாட்டைக் கையில் எடுத்தாலும் முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதைச் செய்து முடிக்கப் பிள்ளை அந்தப் பக்கத்தை மறுபடி திறந்தாக வேண்டுமா? ‘ஆமாம்’ என்றால் அது வாசிப்புச் செயல்பாடு. ‘இல்லை’ என்றால் அதை ஆண்டு விழாவுக்கு வைத்துக்கொள்ளலாம், வாசிப்புக்கு உதவாது. ஆசிரியர் பயிற்சிகளில் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இந்த ஒன்றைத்தான். கீழே எழுதியிருப்பதெல்லாம் இதை வைத்துத்தான்.

முதல் வேலை உங்களுடையது. வாரத்தில் ஒரு பீரியடில் பத்து நிமிடம் நீங்கள் அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். “ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கா?” என்று உங்கள் ஆசிரியர் அறையிலேயே கேட்பார்கள். ஆமாம், ஒன்பதாம் வகுப்புக்குத்தான். வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளைகூடக் காதால் கேட்டால் பெரிய பெரிய விஷயங்களைப் புரிந்துகொள்கிறது. எழுத்துக்கூட்டுவதிலேயே மூச்சு முட்டிப்போகிற பிள்ளைக்கு, ஒரு கதை முழுசாக உள்ளே போனால் எப்படி இருக்கும் என்பதே தெரியாமல் போய்விடுகிறது. அதை உங்கள் குரல்தான் கொடுக்க முடியும். ஒருவர் வாசிக்கப் பத்துப் பேர் கேட்பது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. மண்டபத்தில் பாரதம் படித்தார்கள். 1942-ல் மதுரையில் தொடங்கிய தினத்தந்தியை டீக்கடை பெஞ்சில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்டார்கள். அப்படிக் கேட்டே எழுத்தோடு பழகியவர்கள் நம் ஊர்களில் நிறையப் பேர்.

வாசிக்கும்போது விளக்கம் சொல்லாதீர்கள். கஷ்டமான சொல் வந்தால் எளிய சொல்லை அதே மூச்சில் சேர்த்துச் சொல்லிவிட்டு மேலே போங்கள். முடித்ததும் “இதிலிருந்து என்ன தெரிகிறது?” என்று கேட்காதீர்கள். அந்தப் பத்து நிமிடத்தில் கேள்வி வராது என்று பிள்ளைகளுக்கு உறுதியாகத் தெரிய வேண்டும். மூன்றாவது, நான்காவது வாரத்தில் “டீச்சர், அந்தக் கதை என்னாச்சு?” என்று அவர்களாகவே கேட்பார்கள்.

இன்னொன்றை இன்றோடு நிறுத்திவிடுங்கள். வரிசையாக எழுப்பி ஆளுக்கு ஒரு பத்தி வாசிக்க வைப்பீர்கள் இல்லையா, அதைத்தான் சொல்கிறேன். அடுத்த முறை அப்படி நடக்கும்போது கடைசி பெஞ்சைக் கவனியுங்கள். தடுமாறுகிற பையன் தனக்கு முன்னால் எத்தனை பேர் என்று எண்ணி, தன் பத்தி எது என்று கண்டுபிடித்து, விரலை அதன்மேல் வைத்தபடி உதடு மட்டும் அசைய ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்பான். முன்னால் வாசித்த ஆறேழு பத்தியும் அவன் காதில் விழுந்திருக்காது. அவன் முறை வந்து, இரண்டு சொல்லில் தடுக்கி, பின்னால் யாராவது சிரித்துவிட்டால் அன்றைக்கு நடத்திய பாடம் அவனுக்கு நினைவிருக்காது, அந்தச் சிரிப்புதான் நினைவிருக்கும். வாசிப்பு என்றாலே அவமானம் என்று பல பிள்ளைகள் கற்றுக்கொள்வது இந்த இடத்தில்தான்.

சரி, பாடத்துக்கு வருவோம். போர்ஷனும் வாசிப்பும் இரண்டு தனி வேலைகள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2018-ல் வந்த ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தின் விரிவானப் பகுதியில் கந்தர்வனின் ‘தண்ணீர்’ கதை இருக்கிறது. உங்களுக்கு அதைவிடப் பொருத்தமான கதை அமையாது. எழுதியவர் உங்கள் மாவட்டத்துக்காரர். தண்ணீர் இல்லாத ஒரு கிராமம். ஸ்டேஷனில் வந்து நிற்கிற பாசஞ்சர் ரயிலின் பெட்டிக்குள் ஏறி, அங்கே இருக்கிற குழாயில் குடம் குடமாகத் தண்ணீர் பிடிக்கிறார்கள். இந்திரா என்கிற பெண் பிடித்துக்கொண்டிருக்கும்போதே வண்டி கிளம்பிவிடுகிறது. குடும்பம் பதறித் தேடுகிறது. கடைசியில் அவள் தண்டவாளத்தோரமாக நடந்தே வருகிறாள், இடுப்பில் நிறைகுடத்தோடு.

இதை வழக்கமாக நாம் எப்படி நடத்துவோம்? கதைச் சுருக்கம், மையக் கருத்து, ‘நீரின்றி அமையாது உலகு’, நெடுவினா. ஒன்றிரண்டு பீரியடில் முடிந்துவிடும். பிள்ளைக்குக் கதை தேவையே இல்லை, கைடில் இருக்கிற அரைப் பக்கம் போதும். கைடைப் பிள்ளைகள் விரும்புவதற்குக் காரணம் சோம்பேறித்தனம் என்று நான் நினைக்கவில்லை. கைடு பதில் சொல்லிவிடக்கூடிய கேள்விகளை மட்டும்தான் நாம் கேட்கிறோம்.

இப்படிச் செய்து பாருங்கள். முதல் பீரியடில் கதையை நீங்களே உரக்க வாசியுங்கள், பிள்ளைகள் புத்தகத்தில் விரல் வைத்துத் தொடரட்டும். வண்டி நகர்கிற இடத்தில் நிறுத்தி, புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். ஆளுக்கு ஒரு துண்டுத் தாள் கொடுத்து, ‘இனி என்ன நடக்கும்?’ என்று ஒரே ஒரு வரி எழுதி வாங்கி ஒரு டப்பாவில் போடுங்கள். பெயர் எழுத வேண்டாம், எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம். மறுநாள் அந்தத் துண்டுகளை வாசித்துவிட்டு மீதிக் கதைக்குப் போங்கள். எழுதிக் கொடுத்த பிள்ளைக்குத் தன் ஊகம் சரியா என்று பார்க்கிற துடிப்பு இருக்கும். வீட்டுக்குப் போய் அன்றைக்கே மீதியைப் படித்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. அவர்களைத் திட்டாதீர்கள், நமக்கு வேண்டியது அதுதான். “முடிவைச் சொல்லிடாதே” என்று மட்டும் ரகசியமாகச் சொல்லிவையுங்கள்.

கதை தெரிந்த பிள்ளைகள் முதலிலேயே முடிவை உடைத்துவிட்டால் என்ன செய்வது? கேள்வியை மாற்றிக்கொள்ளுங்கள். ‘என்ன நடக்கும்?’ என்பதை விட்டுவிட்டு, ‘அவள் வராமல் போய்விடுவாளோ என்ற பயம் நமக்கு எந்த வரியில் தொடங்குகிறது?’ என்று கேளுங்கள். அதற்குப் பதில் எந்தக் கைடிலும் கிடையாது. பக்கத்தைத் திறந்துதான் தேட வேண்டும், ஆளுக்கு ஒரு வரியைக் காட்டுவார்கள். ‘என் வரிதான் சரி’ என்று சண்டை வந்தால் அந்த பீரியட் நன்றாகப் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் வழக்காடு மன்றம். பட்டிமன்றத்தைவிட இதைத்தான் நான் சிபாரிசு செய்வேன். பட்டிமன்றத்தில் பேச்சு வளம் உள்ள நாலு பேர் மேடையை எடுத்துக்கொள்வார்கள், புத்தகம் ஒரு ஓரமாகப் போய்விடும். வழக்கில் சாட்சியம் வேண்டும், சாட்சியம் கதைக்குள் இருக்கிறது. குற்றச்சாட்டைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள்: ‘வண்டி கிளம்புவது தெரிந்தும் குடத்துக்காக இறங்காமல் இருந்து, பெற்றோரைத் தவிக்க விட்டாள் இந்திரா.’ வகுப்பை மூன்றாகப் பிரியுங்கள். குற்றம் சாட்டுகிறவர்கள், இந்திராவின் பக்கம் நிற்பவர்கள், தீர்ப்புச் சொல்கிறவர்கள். முதல் நாளே பத்திகளுக்குப் பென்சிலால் எண் போட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நீதிமன்றத்துக்கு ஒரே விதிதான். யார் எதைச் சொன்னாலும் எதிர்த் தரப்பு “எந்தப் பத்தி?” என்று கேட்கலாம். எண்ணைச் சொல்லி அந்த வரியை வாசித்துக் காட்ட முடியாவிட்டால் அந்த வாதம் செல்லாது.

இந்த ஒரு விதியால் வகுப்பே மாறிவிடும். ஒரு பள்ளியில் இதை நடத்தியபோது, குற்றம் சாட்டிய தரப்புப் பையன் ஒருவன், “அவளுக்கு அப்பா அம்மா மேல பாசமே இல்ல” என்று அடித்துச் சொன்னான். “எந்தப் பத்தி?” என்று எதிர் பெஞ்சு முழுக்கக் கத்தியது. அவன் பக்கங்களைப் புரட்டுகிறான், கூட்டாளிகள் மூன்று பேர் அவன் புத்தகத்துக்குள் தலையை விட்டுத் தேடுகிறார்கள், கிடைக்கவில்லை. எதிர்த் தரப்பில் அதுவரை வாய் திறக்காமல் இருந்த ஒரு பெண் எழுந்து, இந்திரா திரும்பி வரும் இடத்தைக் காட்டி, குடத்தை அவள் கீழே போடாததற்குக் காரணமே வீடுதான் என்றாள். நாளைக்குக் குடிக்க வீட்டில் தண்ணீர் இல்லை என்பது அவளுக்குத் தெரியும், அதனால்தான் அவ்வளவு தூரமும் சுமந்து வந்தாள் என்று வரியை வாசித்துக் காட்டினாள். அப்புறம் பேச்சு எங்கோ போய்விட்டது. ‘அப்படியென்றால் குற்றவாளி யார்? ரயில்வேயா? ஊரைத் தண்ணீர் இல்லாமல் விட்டு வைத்தவர்களா?’ என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் தங்களுக்குள்ளேயே வாதாட ஆரம்பித்துவிட்டார்கள். இந்தக் கதையை மையக் கருத்தாக எழுதிப்போட்டு நடத்தியிருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது.

உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதில் கூடுதலாக ஒன்று கிடைக்கும். தள்ளுவண்டியில் குடம் அடுக்கிப் போவது, ஊற்றுத் தோண்டிக் காத்திருந்து அகப்பையால் மொண்டு எடுப்பது எல்லாம் அவர்கள் வீட்டுக் கதை. வழக்கு முடிந்ததும், வீட்டில் பாட்டியிடமோ அம்மாவிடமோ “நீங்க தண்ணிக்கு எங்க போனீங்க?” என்று கேட்டு, அவர்கள் சொன்னபடியே அரைப் பக்கம் எழுதி வரச் சொல்லுங்கள். அந்தத் தாள்களை நூலால் கோத்து அட்டை போட்டால் வகுப்பு நூலகத்துக்கு முதல் புத்தகம் தயார். பக்கத்து பெஞ்சுக்காரியின் பாட்டி என்ன சொன்னார் என்று பார்ப்பதற்காகவே மற்றப் பிள்ளைகள் அதை எடுத்துப் படிப்பார்கள்.

நாடகத்தை விட்டுவிட வேண்டாம், மனப்பாடத்தை மட்டும் விட்டுவிடுங்கள். ஒப்பனை, மேடை எதுவும் வேண்டாம். தாளைக் கையில் வைத்துக்கொண்டு குரலால் மட்டும் நடிக்கட்டும். உங்கள் கைப்பேசியில் பதிவு செய்து ஒலி நாடகமாகப் போட்டுக் காட்டுங்கள். பதிவு என்றதும் பிள்ளைகள் தாங்களாகவே “இன்னொரு தடவை டீச்சர்” என்பார்கள். ஒரே பக்கத்தை ஐந்தாறு தடவை உரக்க வாசிப்பது வாசிப்பு வேகத்தைக் கூட்ட நல்ல பயிற்சி. அதையே வீட்டுப்பாடமாகக் கொடுத்தால் யாரும் செய்ய மாட்டார்கள். கதைசொல்லியின் பகுதியை நாலைந்து பேருக்குப் பிரித்துக் கொடுங்கள். தடுமாறுகிற பிள்ளைக்கு ரயில் சத்தமும் குடத்துச் சத்தமும் கொடுத்து ஒதுக்கிவிடாதீர்கள். நல்ல எண்ணத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம், ஆனால் வாசிக்க வேண்டிய பிள்ளைக்கே வாசிக்க எதுவும் இல்லாமல் போகிறது. அவனுக்கு இரண்டே வரி கொடுங்கள், கதையைத் திருப்புகிற வரியாகப் பார்த்துக் கொடுங்கள். இரண்டு நாள் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள்.

எழுத்துக்கூட்டி வாசிக்கிற பத்துப் பேரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர்கள் எல்லோரையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். தனித்தனியாகப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு பத்தி வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். சிலருக்கு எழுத்தே தடுமாறும், எழுத்துக்கு இரண்டு பக்கமும் குறி வருகிற கொ, கோ, கௌ வரிசையில் நிற்பார்கள். நிறையப் பேருக்கு எழுத்தெல்லாம் தெரியும், நீளமான சொல்லைப் பார்த்தால்தான் பயம். ‘நின்றுகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்று ஒரு சொல் வந்தால் எங்கே மூச்சு விடுவது என்று தெரியாமல் நடுவில் தப்பாக உடைத்துவிடுவார்கள். அப்படி உடைத்தால் பொருள் போய்விடும். தினமும் மூன்று நீளச் சொற்களைக் கரும்பலகையில் எழுதி, ‘நின்று / கொண்டு / இருந்தவர் / களுக்கு / எல்லாம்’ என்று கோடு போட்டுப் பிரித்து, மறுபடி சேர்த்து வாசிக்க வையுங்கள். வகுப்பு முழுவதும் சேர்ந்து செய்யட்டும், யாருக்காகச் செய்கிறீர்கள் என்று தெரிய வேண்டாம். ஐந்து நிமிடம்கூட ஆகாது.

இந்தப் பிள்ளைகளுக்கு என்ன புத்தகம் கொடுப்பது என்பதில்தான் சங்கடம். அரசின் ‘வாசிப்பு இயக்கம்’ 2023-ல் கொண்டுவந்த சிறு நூல்கள் உங்கள் பள்ளியிலும் இருக்கலாம். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் எழுதப்பட்டவை. ‘நுழை’ வரிசையில் ஒரு பக்கத்துக்குச் சில வரிகள்தான் இருக்கும். ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு அவன் அளவுக்குச் சரியான புத்தகம் அதுதான் என்றாலும், நண்பர்கள் முன்னால் அதைக் கையில் எடுக்க மாட்டான். மானப் பிரச்சினை. இதற்கு நான் கண்ட நல்ல வழி, அவனைக் கதை சொல்கிற அண்ணனாக்கிவிடுவது. பக்கத்தில் தொடக்கப் பள்ளி இருந்தால், வாரம் ஒருநாள் மதியம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்று, இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்குக் கதை வாசித்துக் காட்டட்டும். நேரில் போக முடியாவிட்டால் குரல் பதிவாக அனுப்பலாம். இப்போது அவன் ‘நுழை’ புத்தகத்தை எடுப்பது குழந்தைக்காக. யாரும் கேலி செய்ய முடியாது. திணறாமல் வாசிக்க வேண்டும் என்பதற்காக வீட்டில் நாலு தடவை படித்துப் பார்ப்பான். ஏழு வயதுக் குழந்தை கையைப் பிடித்து “இன்னொரு கதை ண்ணா” என்று கேட்டுவிட்டால், அவனை வாசிக்கச் சொல்லி நீங்கள் துரத்த வேண்டியதில்லை. நன்றாக வாசிக்கிறவர்களையும் சேர்த்தே அனுப்புங்கள். தடுமாறுகிறவர்களை மட்டும் அனுப்பினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

எழுத்தே பிடிபடாத பிள்ளை இருந்தால், அவன் பேசுவதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். மீன் பிடிக்கப் போனது, ஆடு மேய்த்தது, நேற்று பார்த்த கபடி, எதுவானாலும் சரி. அவன் சொன்னபடியே நாலைந்து வரி பெரிய எழுத்தில் எழுதி அவனிடமே கொடுங்கள். தன் வாயிலிருந்து வந்த சொல் என்பதால் அடுத்து என்ன வரும் என்று அவனுக்கே தெரியும், கண் எழுத்தைப் பிடித்துக்கொள்ளும். பேச்சுத்தமிழில் எழுதலாமா என்று தயங்க வேண்டாம். முதலில் வாசிக்கட்டும், எழுத்துநடைக்கு அப்புறம் வரலாம்.

எவ்வளவு பழகியும் ஒரு பிள்ளைக்கு எழுத்து நிற்கவே இல்லை, பேச்சிலும் கணக்குப் போடுவதிலும் புத்திசாலியாக இருக்கிறது என்றால் கற்றல் குறைபாடாக இருக்கலாம். நீங்களாக முடிவு செய்யாமல், வட்டார வள மையத்தில் இருக்கிற சிறப்பாசிரியரிடம் சொல்லிப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். முறையான சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. பத்தாம் வகுப்புக்குப் போகட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம். சான்றிதழ் வாங்கிக் கையில் வர நாளாகும்.

கைடைப் பற்றி எழுதியிருந்தீர்கள். தடை போடாதீர்கள், வேலையில்லை. அதற்குப் பதிலாக ஒரு போட்டி வையுங்கள். ஒவ்வொரு விரிவானப் பாடத்துக்கும் குழுவுக்கு மூன்று கேள்வி தயாரிக்க வேண்டும். பதில் பாடத்துக்குள் இருக்க வேண்டும், கைடில் இருக்கக் கூடாது. கைடில் இல்லை என்று உறுதி செய்ய அவர்கள் கைடையும் படித்தாக வேண்டும், பாடத்தையும் படித்தாக வேண்டும். நல்ல கேள்விகளில் இரண்டை வகுப்புத் தேர்வில் சேருங்கள், தயாரித்தவர்கள் பெயரையும் வினாத்தாளில் போடுங்கள். ஒரு பையனுக்குத் தன் கேள்வி வினாத்தாளில் வருவது எவ்வளவு பெரிய கௌரவம் என்பது அன்றைக்குத் தெரியும்.

அலமாரிக்கு வருகிறேன். சாவியைத் தலைமையாசிரியர் வைத்திருப்பது பிடிவாதத்தால் இல்லை, பயத்தால். இருப்புப் பதிவேட்டில் ஒரு புத்தகம் குறைந்தாலும் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அந்தப் பயத்தை நீங்கள் வாங்கிக்கொண்டால் சாவி கிடைக்கும். முழு அலமாரியைக் கேட்காதீர்கள். முப்பது, நாற்பது புத்தகம் மட்டும் கேளுங்கள். பட்டியல் போட்டு, உங்கள் கையெழுத்தில் பெற்றுக்கொண்டதாக எழுதிக் கொடுங்கள். அவற்றை வகுப்பில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள், அட்டை முகம் தெரியட்டும். முதுகைக் காட்டி அடுக்கி வைத்த புத்தகத்தைப் பழகிய வாசகர்தான் எடுப்பார். சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது அதில் முதல் விதி. வருடத்தில் இரண்டு புத்தகம் கிழியும், ஒன்று தொலையும். அதை உங்கள் கைக்காசில் ஈடுகட்ட முடிந்தால் கட்டிவிடுங்கள், பிள்ளையிடம் வசூலிக்காதீர்கள். ஒரு பிள்ளையிடம் வசூலித்தால் மறுநாள் யாரும் கயிற்றுப் பக்கம் வர மாட்டார்கள்.

என்னென்ன தொங்கவிடுவது என்பதில் தாராளமாக இருங்கள். ஆறு முதல் ஒன்பதாம் வகுப்புக்காகப் பள்ளிக்கு வருகிற ‘தேன்சிட்டு’ இதழை அலமாரிக்குள் வைக்காமல் இங்கே போடுங்கள். சிவகாசியிலிருந்து 1972-ல் தொடங்கிய முத்து காமிக்ஸும் அப்புறம் வந்த லயன் காமிக்ஸும் பழைய புத்தகக் கடையில் கிடைத்தால் வாங்கிப் போடுங்கள். செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கம், மீன்பிடி வலையைப் பற்றிய கையேடு, பைக் மெக்கானிசம் எதுவும் வரட்டும். நல்ல இலக்கியம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், அதை நீங்கள்தான் வாரம் பத்து நிமிடம் வாசித்துக் காட்டுகிறீர்களே. ஒரு சலுகையும் கொடுங்கள். பிடிக்கவில்லை என்றால் பாதியில் வைத்துவிட்டு வேறு எடுக்கலாம். மதிப்புரை வேண்டாம். புத்தகத்தின் பின்னட்டையில் ஒரு தாளை ஒட்டி, எடுத்தவர் பெயரையும் ‘எந்தப் பக்கம் பிடித்தது, அல்லது எந்தப் பக்கத்தில் நிறுத்தினேன்’ என்பதையும் மட்டும் எழுதச் சொல்லுங்கள். 23-ஆம் பக்கம் என்று இரண்டு பேர் எழுதியிருந்தால், மூன்றாவது பிள்ளை நேராக 23-ஆம் பக்கத்துக்குப் போகும். போகட்டும், அங்கேயிருந்து முன்னாலோ பின்னாலோ வாசிக்கும்.

தலைமையாசிரியரிடம் ‘வாசிப்பை வளர்க்கிறேன்’ என்று பேசப் போகாதீர்கள். விரிவானப் பாடங்களுக்கு எப்படியும் பீரியட் ஒதுக்கத்தான் வேண்டும். இந்தக் கதைக்கு வழக்கமாக இரண்டு பீரியட் என்றால் நான் சொன்ன முறையில் மூன்று ஆகும், ஒலி நாடகமும் சேர்ந்தால் நான்கு. ஒரு பருவத்தில் ஒரு கதையை இப்படி விரித்து நடத்துங்கள், மற்றவற்றை வழக்கம்போல் நடத்துங்கள். எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்த முயன்றால் உங்களுக்கும் மூச்சு முட்டும், பாடமும் நிற்கும். வழக்காடு மன்றம் நடத்தியபின் அதே கதைக்கு ஒரு நெடுவினா எழுதச் சொல்லி, அந்த விடைத்தாள்களையும் கைடைப் பார்த்து எழுதிய பழைய விடைத்தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவரிடம் காட்டுங்கள். மதிப்பெண்ணைப் பற்றிக் கவலைப்படுகிறவருக்கு மதிப்பெண்ணின் மொழியிலேயே பதில் சொல்வதில் தப்பே இல்லை. முடிந்தால் வழக்கு நாளன்று அவரை நீதிபதியாக உட்காரக் கூப்பிடுங்கள். “எந்தப் பத்தி?” என்ற சத்தத்தை அவரும் கேட்கட்டும்.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் தொடங்க வேண்டாம். இந்த வாரம் பத்து நிமிட வாசிப்பு, கூடவே வரிசையாக எழுப்பி வாசிக்க வைப்பதை நிறுத்துவது, இவை இரண்டு போதும். அடுத்த வாரம் அந்தப் பத்துப் பேரைத் தனியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கயிறும் புத்தகமும் மூன்றாவது வாரம். வழக்கு அதற்கப்புறம். முதல் வாரம் பத்து நிமிடம் வாசிக்கும்போது யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள், ஒருவன் தூங்குவான். நிறுத்தாமல் வாசியுங்கள். அந்தப் பத்துப் பேரைக் கேட்ட பிறகு, யார் எந்த எழுத்தில், எந்த மாதிரிச் சொல்லில் நிற்கிறார்கள் என்று பெயர் போடாமல் எனக்கு எழுதி அனுப்புங்கள். அதைப் பார்த்தால் ஒவ்வொருவருக்கும் எங்கிருந்து தொடங்குவது என்று இன்னும் குறிப்பாகச் சொல்ல முடியும்.